தக்காளிக்குத் தண்ணீர் விட்டது யார்?

போன வாரம் அந்தக் குடும்பத்தை எங்கே விட்டுவிட்டு வந்தோம்? ஐந்தாம் மாடியில், எதிர்வீட்டு டெய்லரம்மாவின் தையல் மெஷினுக்குப் பக்கத்தில். யாருக்கோ அவர் தைத்துக்கொண்டிருந்த வெள்ளைக் கோட்டின் தோளில், கூரையிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் வந்து உட்கார்ந்த இடத்தில்.

ஒரே ஒரு சொட்டு. அது ஒரே வாரத்தில் எட்டு வீட்டையும் இரண்டு கட்சியாக்கிவிட்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்!

கூரைக்கு மேலே இருப்பது நம் பட்டாசின் தோட்டம். பெற்றவர்கள் வைத்த பெயர் அவளுக்கு ஒன்று உண்டு. கல்யாணமான புதிதில் கணவன் செல்லமாகப் 'பட்டாசு' என்று கூப்பிடப் போய், அது கட்டடம் முழுக்க ஒட்டிக்கொண்டது. கூரியர் ஆபீஸ் வேலையை உதறிவிட்டு, வெயிலில் வெறுமனே காய்ந்து கிடந்த மொட்டை மாடியில் தண்ணீர் கீழே இறங்காதபடி தடுப்பு விரிப்பு போட்டு, எடை குறைந்த மண்ணாகப் பார்த்து நிரப்பி, கீரை, பீன்ஸ், வெள்ளரி, தக்காளி என்று பாத்தி பாத்தியாக எழுப்பியவள் அவள். அந்தத் தோட்டம் இருக்க வேண்டுமா, போக வேண்டுமா என்று இன்று மாலை குடியிருப்போர் சங்கத்தில் ஓட்டு.

வீட்டுக்கு ஓர் ஓட்டு. பட்டாசின் வீட்டு ஓட்டு அவளுடையது அல்ல. வீடு யார் பெயரில் இருக்கிறதோ அவருடையது. அதாவது, மாமனாருடையது.

அங்கேதான் சிக்கல். பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்ற அந்த மனிதர், முதல் மண் மூட்டை மேலே போன அன்றே கூடத்தின் நடுவில் நின்று சொல்லிவிட்டார். "தலைக்கு மேல மண்ணைக் கொட்டறதுக்குப் பேர் தோட்டமா? அது அங்க இருக்கற வரைக்கும் நான் மொட்டை மாடிக்குப் படி ஏற மாட்டேன்."

சொன்னால் சொன்னதுதான். அன்றிலிருந்து யாரும் அவரை அந்தப் படியில் பார்த்ததில்லை.

லிஃப்ட் மெக்கானிக்கான கணவனோ, பார்த்துப் பார்த்து இந்த வாரம்தான் வெளியூர் வேலைக்குப் போயிருந்தான். "அப்பாகிட்ட நீயே பேசிடேன்" என்று போனில் சொல்லிவிட்டு நழுவிவிட்டான். நல்ல பிள்ளை!

ஆக, ஒழுகலைப் பரிசோதிக்கச் சங்கம் அழைத்திருந்த இன்ஜினியரம்மா காலையில் வந்து இறங்கியபோது பட்டாசுக்குத் துணையாக இருந்தது நாத்தனார் ஒருத்திதான். வீட்டுக்குக் கடைக்குட்டி. எல்லோருக்கும் சிட்டு. மருந்துக்கடையில் வேலை. அண்ணிக்காக அன்று லீவு போட்டிருந்தாள்.

இன்ஜினியரம்மா சிரிக்கிற ரகமில்லை. மாடிக்கு வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலில் ஒரு சுற்று நடந்தார். தளத்தைத் தட்டிப் பார்த்தார். விரிப்பின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தார். பட்டாசு மூச்சைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போனாள்.

"யாரு போட்டது இந்த விரிப்பு?"

"நானும் எங்க வீட்டுக்காரரும்."

"நல்லா போட்டிருக்கீங்க. எடைக்கும் பயமில்ல. இந்தத் தளம் இன்னும் இவ்வளவு மண்ணைத் தாங்கும்."

பட்டாசு அங்கேயே குதித்திருப்பாள். சிட்டு கையைப் பிடித்து அமுக்கினாள். "இருங்க அண்ணி, இன்னும் முடிக்கல."

முடிக்கவில்லைதான். இன்ஜினியரம்மா கீரைப் பாத்தியில் இரண்டு விரலை விட்டார். எடுத்துப் பார்த்தார். முகம் மாறியது.

"ஒரு நாளைக்கு எத்தனை தடவை தண்ணி விடறீங்க?"

"ஒரு தடவைதாங்க. காலைல சொட்டுக் குழாயைத் திறப்பேன். அவ்வளவுதான்."

"ஒரு தடவை விட்ட மண்ணு மாதிரி தெரியலையே. நேத்தே நிறுத்தச் சொல்லியிருந்தேன். இன்னும் இவ்வளவு ஈரமா இருக்கு."

"சத்தியமா ஒரு தடவைதாங்க! நேத்து காலைல இருந்து குழாயைத் தொடவே இல்ல. வேணும்னா இவகிட்டக் கேளுங்க."

திரும்பினால், சிட்டு வெள்ளரிக் கொடிக்குப் பின்னால் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணி... திட்டாதீங்க."

"ஏய்! என்னடி பண்ணின?"

"கடை விட்டு வந்ததும் நானும் ஒரு தடவை விடுவேன். நீங்க சொட்டுச் சொட்டா விடறது எனக்குப் பத்தல அண்ணி. வெயில்ல இலையெல்லாம் வாடி நிக்குது, பார்க்கப் பாவமா இருந்துச்சு. நேத்து மட்டும் விடல. இவங்க சொன்னாங்கன்னு."

பட்டாசுக்குக் கோபம் வந்தது, சிரிப்பும் வந்தது. எதை முதலில் விடுவது என்று தெரியாமல் இரண்டையும் சேர்த்து விட்டாள். "அடிப்பாவி, இதுங்களுக்கு ஜலதோஷமே பிடிச்சிருக்கும்டி!"

இன்ஜினியரம்மாவின் உதடுகூட லேசாக அசைந்தது. ஆனால் அவர் கால் அதற்குள் கோடியில் இருந்த தக்காளிப் பாத்தியை நோக்கி நடந்துவிட்டது. அங்கே விரல் விட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. பாத்தி சொதசொதவென்று சேறாகக் கிடந்தது. அதிலிருந்து கரைந்த மண் வழிந்து போய், மழைத் தண்ணீர் இறங்குகிற வாயை அடைத்திருந்தது. சுவரோரம் குட்டையாகத் தேங்கிய தண்ணீர் வெயிலில் மின்னியது.

"இதோ இருக்கு உங்க ஒழுகல். வடியற வாய் அடைச்சா தண்ணி எங்க போகும்? சுவர் இடுக்கு வழியா கீழதான் இறங்கும். இதுக்கு நேர் கீழ யார் வீடு?"

"டெய்லரம்மா வீடு."

"இந்தப் பாத்திக்கு யாரு தண்ணி விட்டது? இது இன்னிக்குக் காலைல ஊத்தின தண்ணி."

பட்டாசு சிட்டுவைப் பார்த்தாள். சிட்டு பட்டாசைப் பார்த்தாள்.

"என் ஹோஸ் இந்தக் கோடி வரைக்கும் எட்டவே எட்டாது அண்ணி. நான் தக்காளி பக்கமே வந்ததில்ல."

"நானும் திறக்கல."

"அப்ப மூணாவதா ஒரு ஆள் இருக்காங்க" என்றார் இன்ஜினியரம்மா. "வாளி வாளியா ஊத்தறாங்க. பாருங்கம்மா, தளம் நல்ல தளம். அடைப்பை எடுத்துட்டு, அந்த இடுக்கைப் பூசிட்டா ஒழுகல் நின்னுடும். ஆனா யார் தண்ணி விடறாங்கன்னே தெரியாத மாடிக்கு நான் எப்படி சரின்னு சொல்ல முடியும்? நாளைக்கே திரும்ப அடைக்கும். சாயந்தரம் கூட்டத்துக்கு நானும் வர்றேன். அதுக்குள்ள கண்டுபிடிச்சு வைங்க."

அவ்வளவுதான், பட்டாசின் திரியில் நெருப்பு வைத்தாயிற்று.

இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கி டெய்லரம்மாவின் கதவைத் தட்டினாள். டெய்லரம்மா வாயில் ஊசியோடு வந்து திறந்தார். கூரையில் ஈரம் ஒரு பெரிய தட்டு அளவுக்குப் பரவியிருந்தது. மெஷினைச் சுவரோரமாக நகர்த்தி அதன் மேல் குடையை விரித்து வைத்திருந்தார். அதைப் பார்த்ததும் பட்டாசுக்கு நிஜமாகவே நெஞ்சு வலித்தது.

"அக்கா, காலைல மேல யாராவது நடக்கற சத்தம் கேக்குமா?"

டெய்லரம்மா ஊசியை எடுத்தார். "கேக்காம? நான் வெள்ளெனவே மெஷின்ல உக்காந்துடுவேன். தினமும் அந்நேரத்துக்கு ஒரு ஆள் போவாங்க. வாளியை டங்குன்னு வைப்பாங்க. நான் நீதான்னு நெனச்சுட்டு இருந்தேன்."

"நான் அந்நேரத்துக்குப் போறதே இல்லையேக்கா!"

"அப்ப யாரு? காலங்காத்தால மாடிக்குப் போற ஆளு இந்தக் கட்டடத்துல ஒருத்தர்தானே..."

சொல்லிவிட்டு டெய்லரம்மா நாக்கைக் கடித்துக்கொண்டார். பட்டாசுக்கு அது போதாதா? விடிகாலையில் மாடிக்குப் போய்க் கையைக் காலை வீசி நடப்பவர் இரண்டாம் மாடிப் பல் டாக்டர். சங்கத்துச் செயலாளர். தோட்டத்தை எடுத்தே ஆக வேண்டும் என்று முதலில் குரல் கொடுத்தவரும் அவரேதான்.

"பிடிச்சுட்டேன்!" என்று வீட்டுக்குள் நுழைந்தாள். மாமனார் சாப்பாட்டு மேசையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். "மாமா, யாருன்னு தெரிஞ்சுடுச்சு! அந்தப் பல் டாக்டர்தான். வேணும்னே வாளி வாளியா ஊத்தி, ஒழுக வெச்சு, பழியைத் தோட்டத்து மேல போட்டிருக்காரு. இன்னிக்கு எல்லார் முன்னாடியும் மானத்தை வாங்கறேனா இல்லையா பாருங்க!"

மாமனாருக்குக் குடித்த தண்ணீர் புரையேறியது. சிட்டு ஓடி வந்து தலையைத் தட்டினாள்.

"கண்ணால பார்த்தியா?" என்றார் இருமல் நின்றதும்.

"பார்க்கணுமா என்ன?"

"பார்க்காம ஒருத்தர் மேல சொல்லாத. அவரு அப்படிப்பட்ட ஆள் இல்ல."

"உங்களுக்கு அவர் பக்கம்தான் பேசத் தெரியும் மாமா. ஓட்டும் அந்தப் பக்கம்தானே போடப் போறீங்க."  கண்ணைத் துடைத்துக்கொண்டு சமையலறைக்குள் போனாள். "அந்தத் தோட்டம் போச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்னு ஒரு நாளாவது யோசிச்சிருக்கீங்களா?"

மாமனார் பேப்பரை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

மாலையில், கீழே கார் நிறுத்துமிடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் வட்டமாகப் போடப்பட்டிருந்தன. பல் டாக்டர் நடுவில், சட்டைப் பையில் பேனாவும் முகத்தில் கண்டிப்புமாக. அவர் கேள்வி கேட்டால் நம் வாய் தானாகத் திறந்துகொள்ளும் என்று சிட்டு சொல்வாள். மாமனார் கடைசி நாற்காலியில் போய்ச் சாய்ந்து உட்கார்ந்தார்.

இன்ஜினியரம்மா சுருக்கமாகச் சொன்னார். தளம் பலமானது. விரிப்பு நன்றாக இருக்கிறது. தண்ணீர்தான் அதிகம். தக்காளிப் பாத்திக்கு ஊற்றுகிற ஆள் யாரென்று தெரிந்தால் தோட்டம் இருக்கலாம். தெரியாவிட்டால் தன்னால் சரி என்று சொல்ல முடியாது.

"அப்ப முடிஞ்சு போச்சு" என்றார் டாக்டர். "தெரியலைன்னா எடுத்துட வேண்டியதுதான். ஓட்டுக்கு விடலாமா?"

"ஏன் தெரியாது?" பட்டாசு எழுந்தாள். சிட்டு புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்தாள். ம்ஹூம், அதெல்லாம் திரி எரிந்து முடிவதற்கு முன் செய்ய வேண்டியது. "ஊத்தினவருக்குத் தெரியுமே! ஒண்ணும் தெரியாத மாதிரி நடுவுல உக்காந்திருக்காரே, அவரைக் கேளுங்க. தினமும் விடியறதுக்கு முன்னாடி மாடிக்குப் போறது நீங்கதானே டாக்டர்? தோட்டத்தைப் பிடிக்கலைன்னா நேரா சொல்ல வேண்டியதுதானே. எதுக்கு இப்படித் திருட்டுத்தனமா வாளியைத் தூக்கணும்?"

டாக்டரின் முகம் முதலில் வெளுத்தது. பிறகு காது வரைக்கும் சிவந்தது.

"நானா?"

"நீங்கதான்!"

"இத்தனை வருஷம் இந்தக் கட்டடத்துல இருக்கேன். ஒருத்தர்கூட என்னைத் திருடன்னு சொன்னதில்ல." அவர் நாற்காலியை விட்டு எழுந்தார். "போதும். ஓட்டும் வேணாம், ஒண்ணும் வேணாம். இன்னிக்கே அந்த மண்ணை..."

"டாக்டர்."

கடைசி நாற்காலி கிறீச்சிட்டது. மாமனார் எழுந்து நின்றிருந்தார்.

"அவரைச் சொல்லாதம்மா. அவர் இல்ல. ஊத்தினது நான்."

பட்டாசுக்குக் காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. "என்ன மாமா சொல்றீங்க? நீங்க மாடிப்படியே ஏறுறதில்லையே?"

"ஏறினேன்." மாமனார் யாரையும் பார்க்காமல் தரையைப் பார்த்துப் பேசினார். "மொதப் பஸ் ஓட்டின உடம்பு. இன்னமும் விடியறதுக்கு முன்னாடி முழிப்பு வந்துடுது. ஒரு நாள் போனேன். நல்ல எண்ணத்துல போகல. தளத்துல விரிசல் கிரிசல் இருக்கா, இருந்தா உன்கிட்டக் காட்டி வாயை அடைக்கலாம்னுதான் போனேன். கோடியில ஒரு தக்காளிச் செடி தலை தொங்கிக் கிடந்துச்சு."

"சொட்டுக் குழாய் அடைச்சிருந்ததே, அந்த வாரமா?" என்றாள் பட்டாசு.

"அதெல்லாம் எனக்கு என்ன தெரியும்? பாவம், சாகப் போகுதேன்னு ஒரு சொம்பு ஊத்தினேன். மறுநாள் போய்ப் பார்த்தா நிமிந்து நிக்குது. என்னைப் பார்த்து நின்ன மாதிரியே இருந்துச்சும்மா. வேலையை விட்டு வந்ததுல இருந்து என்னால ஆக வேண்டியது இந்த வீட்ல ஒண்ணுமில்லன்னு இருந்தேன். அதுக்கப்புறம் ஒரு நாள்கூட போகாம இருக்க முடியல. டாக்டர் நடக்க வர்றதுக்கு முன்னாடியே போய் இறங்கிடுவேன். சொம்பு வாளியாச்சு. இன்னிக்குக்கூட இவங்க வர்றாங்கன்னு தெரிஞ்சும், வெயில் அடிக்குமேன்னு ரெண்டு வாளி ஊத்திட்டுத்தான் வந்தேன்."

"எங்ககிட்டச் சொல்றதுக்கு என்னப்பா?" சிட்டுவின் கண் கலங்கிவிட்டது.

"ஏற மாட்டேன்னு அத்தனை பேச்சு பேசிட்டு எந்த முகத்தை வெச்சுக்கிட்டுச் சொல்றது?"

டெய்லரம்மாதான் முதலில் சிரித்தார். தன் கூரை ஒழுகியதையும் மறந்து, வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். "தக்காளியா அது? திருட்டுத்தனமா வளர்த்த செல்லப் பிள்ளை!" வட்டம் முழுவதும் சிரிப்பு பற்றிக்கொண்டது. பட்டாசு மட்டும் சிரிக்கவில்லை. மாமனாரின் அருகில் போய் நின்றாள். அவர் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. அவர்கள் வீட்டில் அதெல்லாம் பழக்கமில்லை. அதனால் சும்மா பக்கத்தில் நின்றாள்.

"ஓட்டு எடுங்க டாக்டர்" என்றார் மாமனார். "தோட்டம் இருக்கணும்னு சொல்றவங்க கையைத் தூக்கணும், அதானே?"

முதல் கை அவருடையது. பஸ்ஸை நிறுத்துகிறவர் போல விறைப்பாகத் தூக்கினார். அடுத்தது டெய்லரம்மா. "இடுக்கை நாளைக்கே பூசித் தரணும், ஆமா!" பிறகு ஒவ்வொன்றாகக் கைகள் உயர்ந்தன. பட்டாசு எண்ணவே இல்லை. பார்த்தாலே தெரிந்தது. ஜெயித்தாயிற்று! சிட்டு அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினாள்.

கையைத் தூக்காமல் இருந்தவர்களில் டாக்டர் ஒருவர். அவரைப் பார்த்ததும் பட்டாசின் கால் தரையில் ஊன்றியது. அத்தனை பேர் முன்னால் அந்த மனிதரை என்னென்ன சொல்லிவிட்டோம்!

நேராக அவர் முன்னால் போனாள். "டாக்டர், நான் பேசினது பெரிய தப்பு. விசாரிக்காம வாய்க்கு வந்ததைப் பேசிட்டேன். என்னை மன்னிச்சிடுங்க."

டாக்டர் அவளைப் பார்க்கவில்லை. இன்ஜினியரம்மாவிடம் திரும்பினார். "சரின்னு சொல்றதுக்கு வேற ஏதாவது பாக்கி இருக்கா?"

"ஒண்ணே ஒண்ணு. இனிமே தண்ணி விடறது, வடியற வாயைச் சுத்தம் பண்றது, எல்லாம் ஒரே ஒரு ஆள். மூணு பேர் ஆளுக்கொரு பக்கம் ஊத்தற கதையே வேணாம். யாருன்னு சொல்லுங்க."

பட்டாசு வாயைத் திறந்தாள். சிட்டுவும் திறந்தாள். மாமனாரும்தான்.

"நான்" என்றார் டாக்டர்.

மூன்று வாயும் திறந்தபடியே நின்றன.

"நான்தான் தண்ணி ஊத்தறேன்னு இவங்க எல்லார் முன்னாடியும் சொல்லிட்டாங்களே. அப்படியே இருக்கட்டும். செயலாளர் நான். மாடிச் சாவி என்கிட்ட இருக்கு, இனிமே பூட்டித்தான் வைப்பேன். நாளையில இருந்து தண்ணி என் பொறுப்பு. இவங்க வீட்டு ஆளுங்க ஒருத்தரும் குழாயைத் தொடக் கூடாது."

"டாக்டர், உங்களுக்குச் செடி வளர்த்துப் பழக்கமா?" என்று கேட்டார் இன்ஜினியரம்மா.

"ஒரு மண்ணும் தெரியாது." இப்போதுதான் அவர் பட்டாசின் பக்கம் திரும்பினார். கோபம் இன்னும் காதில் சிவப்பாக நின்றது. "காலைல நான் நடக்கப் போவேன்ல, அப்ப மேல வாங்க. வாயால சொல்லிக் கொடுங்க. கையைக் கட்டிக்கிட்டு நிக்கணும். சம்மதமா?"

பட்டாசுக்குக் கையைக் கட்டுவதாவது! ஒரு நிமிடம் அது சும்மா இருந்ததில்லை. காய் சிவக்கப் போகிற நேரம் வேறு. இந்த மனிதர் கோபத்தில் காயவிடுவாரா, தெரியாமல் அழுகவிடுவாரா, எதைச் சொல்வது? ஆனால் தோட்டம் இருக்கிறது. அந்தச் சந்தோஷத்தில் அவர் தலைகீழாக நிற்கச் சொல்லியிருந்தாலும் நின்றிருப்பாள்.

"சம்மதம் டாக்டர்" என்றாள்.

அவர் சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டு படியை நோக்கி நடந்தார். முதல் படியில் கால் வைக்கும்போது, பின்னாலிருந்து மாமனாரின் குரல் வந்தது. கூடத்தின் நடுவில் நின்று அதட்டுகிற அந்தப் பழைய குரல் அல்ல.

"டாக்டர்... நானும் வரலாமா? தொட மாட்டேன். சும்மா பார்த்துட்டுப் போயிடறேன்."

டாக்டர் நின்றார். திரும்பிப் பார்க்கவில்லை. அப்படியே மேலே ஏறிப் போனார். நாளைக் காலை மாமனாரை விடுவாரா, மாட்டாரா? அடுத்த வாரம் பார்ப்போம்.